ஓடும் வண்டியில் ஐந்தே முக்கால் கிகாஹெர்ட்ஸ்

உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்கள் நான்கு பேர் கூடி மைக்ரோவேவ் பேச்சு எழுந்தால், முடிவு முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிடும். மேடான இடத்துக்குப் போ, முக்காலியில் டிஷ்ஷை நிறுத்து, எதிர்முனையை நோக்கித் திருப்பு, அப்புறம் பேசு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே 5.7 கிகாஹெர்ட்ஸில் கியூஎஸ்ஓ (இரு நிலையங்களுக்கிடையே பேச்சு) போடலாமா என்று கேட்டால், "டாப்ளர் தின்னுடும்ப்பா" என்ற ஒரே சொல்லில் கதவைச் சாத்திவிடுவார்கள். இந்தத் தீர்ப்பு எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. டாப்ளர், அதாவது ஓட்டத்தால் சிக்னலின் அதிர்வெண் நகர்வது, இல்லையென்று சொல்லவில்லை, இருக்கிறது. ஆனால் வேறு இரண்டு பேர் செய்த குற்றத்தையும் சேர்த்து அதன் தலையில் கட்டிவிட்டதால், அந்த இருவரையும் யாரும் தேடவே இல்லை.

வடசென்னையில் மலை கிடையாது. அதற்குப் பதில் எண்ணூர் விரைவுச் சாலை இருக்கிறது. காசிமேட்டில் தொடங்கித் திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் வரை, வலப்பக்கம் கடல், இடப்பக்கம் ஊர் என்று ஏறத்தாழ வடக்கு நோக்கியே போகும் சாலை. ராயபுரத்தில் நான்காவது மாடி மொட்டைமாடியில், தரையிலிருந்து 15 மீட்டர் உயரத்தில் ஓர் ஆன்டெனாவும், காரின் கூரைமேல் 2 மீட்டர் உயரத்தில் இன்னொன்றும் என்று வைத்துக்கொண்டால், ரேடியோ தொடுவானம் 21 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. எண்ணூர் சுமார் 11 கிலோமீட்டர்தான். சாலை ராயபுரத்திலிருந்து விலகி நேராகப் போவதால் வண்டியின் வேகம் முழுவதும் டாப்ளராக மாறும். மாதவரம் பக்கம் குறுக்கே ஓடும் சாலையில் இந்தச் சோதனை பாதிகூடத் தேறாது. வெளிநாட்டு ரோவர்கள், அதாவது வண்டியில் சுற்றிப் போட்டியிடும் ஹாம்கள், உலக வரைபடத்தைப் பிரித்த கட்டங்களில் கட்டம் விட்டுக் கட்டம் தாவிப் புள்ளி சேர்க்கிறார்கள். இங்கே ராயபுரம், மணலி, எண்ணூர், மீஞ்சூர் எல்லாமே என்கே03 என்ற ஒரே கட்டம். புள்ளிக்காக இங்கே ஓட்ட முடியாது. ஓடும் வண்டியில் பேசுவது ஒன்றுதான் காரியம்.

கணக்கை முதலில் போடுவோம்

ஜெனரல் கிரேடு உரிமத்தின் பட்டியலில் 5725 முதல் 5840 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. 5760-இல் அலைநீளம் 52 மி.மீ. தடையில்லாத வெளியில் 10 கிலோமீட்டருக்கு இழப்பு 127.7 டெசிபல். எண்ணைப் பார்த்தால் பயமாக இருக்கும். வண்டியில் 2 வாட், அதாவது 33 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்); வண்டி ஆன்டெனா 10 டெசிபல், மாடியில் வடக்கு நோக்கி வைத்த சிறிய ஹார்ன் 15 டெசிபல். கூட்டிக் கழித்தால் மாடியில் வந்து சேர்வது -70 டிபிஎம். எஸ்எஸ்பி என்ற குறுகிய பட்டைக் குரல் முறைக்கான 2.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், 3 டெசிபல் இரைச்சல் எண் கொண்ட ரிசீவரின் இரைச்சல் மட்டம் -137. இடைவெளி 67 டெசிபல். பவரை 2 வாட்டிலிருந்து 10 மில்லிவாட்டுக்குக் குறைத்தாலும் 44 டெசிபல் மிச்சம் இருக்கும்.

இந்த 67 டெசிபலை மறந்துவிட்டுப் பேசுவதால்தான் எல்லாக் குழப்பமும். நூறு, இருநூறு கிலோமீட்டர் தாண்டி உச்சியிலிருந்து உச்சிக்குப் பேசுபவர்களுக்கு ஒவ்வொரு டெசிபலும் தங்கம். அதனால் பெரிய டிஷ், குறுகிய பட்டை, சிடபிள்யூ (மோர்ஸ்), எஸ்எஸ்பி என்று அவர்கள் பழகினார்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே 10 கிலோமீட்டர் சாலைக்குக் கொண்டுவந்து, அது ஒத்துவரவில்லை என்று மைக்ரோவேவையே குறை சொல்கிறோம்.

டிஷ்ஷையே எடுத்துக்கொள்ளுங்கள். 60 செ.மீ. டிஷ் 5760-இல் 28 டெசிபல் கொடுக்கும். ஆனால் அதன் கதிர் அகலம் 6 டிகிரிதான். திருவொற்றியூரில் ஒரு மாட்டுக்காக ஸ்டியரிங்கைச் சற்று ஒடித்தாலே எதிர்முனை கையை விட்டுப் போய்விடும். கையில் 67 டெசிபல் இருக்கும்போது, அந்தக் கூடுதல் 18 டெசிபலுக்காக ஓடும் வண்டியில் டிஷ்ஷோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

கூரைமேல் ஓர் அடி அலுமினியம்

வேண்டியது எல்லாத் திசையும் பார்க்கும் ஆன்டெனா. இதற்கு என் ஓட்டு துளையிட்ட அலைவழிக் குழாய்க்கே (வேவ்கைடு: மைக்ரோவேவ் உள்ளே ஓடும் உலோகக் குழாய்). பாரிமுனைப் பக்கம் அலுமினியம் செக்ஷன் விற்கும் கடையில், பார்ட்டிஷனுக்கு வாங்கும் 2 இன்ச்சுக்கு 1 இன்ச் ரெக்டாங்குலர் டியூப் கேளுங்கள். சுவர் 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. என்று சொல்லி வாங்குங்கள். அதன் உள்ளளவு 47.6-க்கு 22.2 மி.மீ. டபிள்யூஆர்-187 என்ற அலைவழியின் அளவு இதுவேதான், மயிரிழை வித்தியாசத்தில். ஜன்னல் கடையில் கிடைக்கும் சரக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது இந்தப் பட்டைக்கு வாய்த்த அதிர்ஷ்டம். கடையில் மெல்லிய சுவர்க் குழாயை எடுத்துக் கொடுத்தால் உள்ளகலம் மாறும், கீழே தரும் எண்கள் எல்லாம் நகரும். வெர்னியர் காலிப்பரோடு போவது நல்லது.

இந்தக் குழாய்க்குள் அலைநீளம் 52 அல்ல, 62.2 மி.மீ. ஆகவே அகலமான முகத்தில் துளைகளின் நடுப்புள்ளிகளுக்கிடையே 31.1 மி.மீ. இடைவெளி. ஒவ்வொரு துளையும் 26 மி.மீ. நீளம், 3 மி.மீ. அகலம், குழாயின் நீளவாக்கில். முகத்துக்கு எட்டு, எதிர்முகத்தில் அதே இடங்களில் எட்டு, ஆக 16. நடுக்கோட்டிலிருந்து 6.7 மி.மீ. தள்ளி வெட்ட வேண்டும். ஒன்று இடம் என்றால் அடுத்தது வலம், மாறி மாறி. எல்லாவற்றையும் ஒரே பக்கம் வெட்டிவிட்டால் அடுத்தடுத்த துளைகள் ஒன்றையொன்று அழிக்கும். பக்கவாட்டில் ஒன்றுமே போகாது. சரியாக வெட்டினோமா என்பதற்கு எளிய சோதனை: குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முன்துளை வழியே பின்துளை ஊடாக அப்பால் தெரிய வேண்டும். மில்லிங் ஜாப் வொர்க் செய்யும் பட்டறையில் 3 மி.மீ. எண்ட்மில் போட்டுக் கொடுத்தால் ஒரே நேரத்தில் வெட்டி முடித்துவிடுவார்கள். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை மட்டும் அரத்தால் தட்டிவிடுங்கள்.

கடைசித் துளையின் நடுவிலிருந்து 46.6 மி.மீ. மேலே மூடி. கீழே, எஸ்எம்ஏ கனெக்டரின் ஊசி அகல முகத்தின் நடுவில் இறங்கும், அதற்கு 15.5 மி.மீ. கீழே இன்னொரு மூடி. ஊசிக்கும் முதல் துளைக்கும் 62 மி.மீ. விட்டால் மொத்தம் 342 மி.மீ., ஓர் அடிக்குச் சற்றே மேல். ஊசியை முதலில் 12 மி.மீ. விட்டு, திரும்பும் பவரைப் பார்த்தபடி கால் மில்லிமீட்டராகக் குறைத்து வாருங்கள். அலுமினியத்தில் சாதாரண ஈயம் பிடிக்காது. மூடிக்கு அலுமினியக் கட்டையைக் கச்சிதமாகச் செதுக்கி நுழைத்து நான்கு பக்கமும் ஸ்க்ரூ போடுவதே வழி. அகல முகங்களில் நன்றாகத் தொடாத மூடி, இல்லாத மூடிக்குச் சமம். குழாயைச் செங்குத்தாக நிறுத்தினால் போலரைசேஷன் (அலையின் மின்புலம் ஆடும் திசை) கிடைமட்டமாக வரும், மைக்ரோவேவ் வழக்கத்துக்கும் அதுதான் பொருந்தும்.

இதன் பலம் 10 டெசிபலுக்கு ஒரு முடி குறைவு, செங்குத்தில் கதிர் அகலம் 10.6 டிகிரி. இன்னும் நான்கு துளை சேர்த்தால் என்ன என்று தோன்றும். இரண்டரை மீட்டர் வீல்பேஸ் கொண்ட கார், 10 செ.மீ. ஸ்பீடு பிரேக்கரில் முன்சக்கரத்தை ஏற்றும்போது 2.3 டிகிரி நிமிர்கிறது. பிரேக் அடித்தால் மூக்கைக் குத்துகிறது. மேலும் கீழும் ஐந்து டிகிரி தாங்கும் ஆன்டெனா இதையெல்லாம் கண்டுகொள்ளாது. ஆகவே எட்டோடு நிற்பதே நல்லது. கடற்கரைச் சாலையில் உப்புக்காற்று துளை வழியே உள்ளே போகும். மெல்லிய பாலித்தீன் டேப்பை ஒட்டி அடைக்கலாம். பிவிசி பைப்புக்குள் முழுசாகச் செருகுவதாக இருந்தால், துளைகள் ஒத்திசையும் அலைவரிசை கீழே இறங்கும் என்பதை நினைவில் வைத்து, பைப்போடு சேர்த்தே டியூன் செய்யுங்கள். கேபிள் குட்டையாக இருக்கட்டும்: எல்எம்ஆர்-400 மீட்டருக்கு 0.35 டெசிபல் தின்னும், ஆர்ஜி-58 ஒரு டெசிபலுக்கு மேல்.

எஞ்சினை அணைத்துப் பாருங்கள்

இப்போது அந்த "டாப்ளர்" விசாரணைக்கு வருவோம். மாடியிலிருந்து ஜிபிஎஸ்ஸோடு பூட்டிய, அசையாத கேரியர் (குரலேறாத வெறும் அலை) ஒன்று போகட்டும். வண்டியில் அதை சிடபிள்யூ மோடில் 700 ஹெர்ட்ஸ் விசிலாகக் கேட்டுக்கொண்டு, லேப்டாப்பில் வாட்டர்ஃபாலை (அதிர்வெண் நேரத்தோடு நகர்வதைக் கோடாகக் காட்டும் படம்) நன்றாக விரித்து வையுங்கள். வண்டி நிற்கிறது, எஞ்சின் அணைந்திருக்கிறது. கோடு மெல்லியதாக நேராக இறங்கினால் நல்லது. மெதுவாகச் சாய்ந்து நகர்ந்தால் அது ரேடியோவுக்கு அதிர்வெண்ணைத் தரும் ஆசிலேட்டரின் வெப்ப நகர்வு. புளூட்டோ என்ற எஸ்டிஆரோடு (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) வரும் ஆசிலேட்டர் 25 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 25 பங்கு பிசகும். 5760-இல் அது 144 கிலோஹெர்ட்ஸ். தேடிப் பிடிக்கவே பொழுது போய்விடும். வெப்பத்தைச் சரிக்கட்டும் அரை பிபிஎம் டிசிஎக்ஸ்ஓ ஆசிலேட்டர் போட்டால் 2.9 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கும். இது முதல் குற்றவாளி. வெயிலில் நிறுத்திய காரில் ஏசி போட்டவுடன் இவன் ஓடத் தொடங்குவான்.

அடுத்து எஞ்சினை மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி நகரக் கூடாது. பலர் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் இதுதான். நகராத வண்டியில் டாப்ளர் கிடையாது. ஆனாலும் விசில் கரகரக்கிறது. வாட்டர்ஃபாலில் நடுக்கோட்டுக்கு இருபுறமும் 27 ஹெர்ட்ஸ் தள்ளித் துணைக்கோடுகள் முளைக்கின்றன. 800 ஆர்பிஎம்மில் ஐடிலிங் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சின், நொடிக்கு 27 முறை வெடிக்கிறது. அந்த அதிர்வு தகரம் வழியாகப் பெட்டிக்கும், பெட்டி வழியாக ஆசிலேட்டரின் கிரிஸ்டலுக்கும் போகிறது. கிரிஸ்டலைக் குலுக்கினால் அதன் அதிர்வெண் குலுங்கும்: நல்லதென்றால் ஒரு ஜி முடுக்கத்துக்கு நூறு கோடியில் ஒரு பங்கு. அற்பமாகத் தோன்றும். 5760 மெகாஹெர்ட்ஸுக்குப் பெருக்கியபின் அது 5.8 ஹெர்ட்ஸ் ஆட்டம். 27 ஹெர்ட்ஸில் ஆடும்போது துணைக்கோடுகள் நடுக்கோட்டுக்கு 20 டெசிபல்தான் கீழே இருக்கும். ஐந்து மடங்கு மோசமான கிரிஸ்டலில் அவை நடுக்கோட்டையே நெருங்கிவிடும். இரண்டாம் குற்றவாளி இவன். பல வண்டிகளில் "டாப்ளர்" என்று பெயர் வாங்கியவனும் இவன்தான்.

இவனுக்கு மருந்து சுலபம், ஆனால் கவனமாகப் போட வேண்டும். ஆசிலேட்டரை அரைக் கிலோ கனமுள்ள உலோகக் கட்டையோடு பூட்டி, அதை மெத்தான ரப்பர்மீது வையுங்கள். கனம் ஏறியதும் ரப்பர் 4 மி.மீ. அமுங்கினால் அந்த அமைப்பின் இயல்பு அதிர்வெண் 8 ஹெர்ட்ஸ். 27 ஹெர்ட்ஸ் அதிர்வில் பத்தில் ஒரு பங்கே உள்ளே போகும், 20 டெசிபல் லாபம். ஒரு மில்லிமீட்டர்கூட அமுங்காத கெட்டி ரப்பர் வைத்தால் பலனில்லை, சில நேரம் ஆட்டம் கூடவும் செய்யும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, விறைப்பான செமி-ரிஜிட் கேபிளைக் கட்டையில் மாட்டினால் அதிர்வு கேபிள் வழியாகவே ஏறி வரும். ஆர்ஜி-316 போன்ற மெல்லிய கேபிளை ஒரு சுற்று தொங்கவிட்டு இணையுங்கள். அதிர்வெண்ணைப் பூட்டிவைக்கும் பிஎல்எல் சுற்றின் லூப் ஃபில்டரில் சாதாரண செராமிக் கெப்பாசிட்டர் இருந்தால் அதுவே மைக்காக வேலை செய்யும். சி0ஜி வகை அல்லது ஃபிலிம் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வண்டியை நகர்த்தினால்தான் உண்மையான டாப்ளர் முகம் காட்டும். 20 கிலோமீட்டர் வேகத்தில் 107 ஹெர்ட்ஸ், 40-இல் 213, 60-இல் 320. எண்ணூரை நோக்கிப் போனால் இறங்கும், திரும்பி வந்தால் ஏறும். சீரான வேகத்தில் சீரான நகர்வு. ரிசீவரின் அலைவரிசையை மட்டும் சற்று நகர்த்தும் ஆர்ஐடி குமிழைத் திருப்பினால் சரியாகிவிடும். இத்தனை சாதுவான ஒன்றையா இவ்வளவு காலம் பழித்தோம் என்றிருக்கும்.

எதிரே வரும் கண்டெய்னர்

ஆனால் சாலையில் நாம் மட்டும் இல்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் வடக்கே போகிறோம், எதிரே அதே வேகத்தில் கண்டெய்னர் லாரி வருகிறது என்று வையுங்கள். ராயபுரத்திலிருந்து நேரே வரும் சிக்னல் 213 ஹெர்ட்ஸ் இறங்கியிருக்கும். லாரியின் முகத்தில் பட்டுத் திரும்பி வரும் சிக்னலின் பாதை நொடிக்கு 33 மீட்டர் குறைகிறது. அது 640 ஹெர்ட்ஸ் ஏறியிருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 853 ஹெர்ட்ஸ். எஸ்எஸ்பியில் ஒரே குரல் இரண்டு சுருதியில் ஒன்றாக வரும். ஆர்ஐடி ஒன்றைத்தான் சரிசெய்யும், மற்றது அப்படியே நிற்கும். அசையாத சுவரோ சாலைக்குக் குறுக்கே போட்ட பெயர்ப்பலகையோ எதிரே இருந்தாலும் வித்தியாசம் 427 ஹெர்ட்ஸ். சுழலும் மின்விசிறிக்கு முன்னால் நின்று பேசினாற்போல் குரல் நறுக்கப்பட்டு வரும். துறைமுகத்துக்குள் போகச் சாலையோரம் வரிசைகட்டி நிற்கும் லாரிகள் இவ்வளவு தொல்லை தருவதில்லை என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். அந்தச் சுவர் நம் ஓட்டத்துக்கு இணையாக இருப்பதால், அதில் சறுக்கி வரும் அலையின் டாப்ளர் நேரலையோடு (நேரே வரும் அலை) ஏறக்குறைய ஒத்துப்போகும். மெதுவான ஏற்ற இறக்கம்தான் வரும். மணலியில் கண்டெய்னர் யார்டுகளின் பக்கம் கதை வேறு. நான்கடுக்கு கண்டெய்னர் 10 மீட்டர் உயரம். அதன் பின்னால் நேரலை செத்துவிடும். கண்டெய்னர் தகட்டின் மடிப்பு மூன்றரை செண்டிமீட்டர் ஆழம். 23 செ.மீ. அலைக்கு அது ஏறத்தாழ வழவழப்பான சுவர், நம் 5 செ.மீ. அலைக்குக் கரடுமுரடான சுவர். ஒரே திசைக்குத் திருப்பாமல் பல பக்கமும் சிதறடிக்கும்.

ஆக, ஓடும் வண்டியின் உண்மையான சிக்கல் நகர்வு அல்ல, சிதறல். ஆசிலேட்டர் நகர்வு, கிரிஸ்டல் ஆட்டம், டாப்ளர் சிதறல் என்ற மூன்று குற்றவாளிகளையும் ஒரே அடியில் மடக்க ஒரு வழி உண்டு. குறுகிய பட்டையை விட்டுவிட்டு எஃப்எம்முக்குப் போவது. 5 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷன் (குரலால் அதிர்வெண் விலகும் அளவு) உள்ள எஃப்எம்முக்கு 320 ஹெர்ட்ஸ் டாப்ளர் ஒரு பொருட்டில்லை, 5.8 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஆட்டம் காதிலேயே விழாது. இரண்டு அலைகளில் வலுத்ததைப் பிடித்துக்கொண்டு இளைத்ததை ஒதுக்குவது எஃப்எம் ரிசீவரின் இயல்பு. விலை என்ன? 15 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் இரைச்சல் மட்டம் -129. தெளிவுக்கு அதற்குமேல் 10 டெசிபல் வேண்டும். எஸ்எஸ்பியோடு ஒப்பிட்டால் சுமார் 12 டெசிபல் நட்டம். நம்மிடம் இருப்பதோ 67. நேரலை மறைந்த இடத்திலும், சராசரி சிக்னல் எஃப்எம்மின் வாசலுக்கு 20 டெசிபல் மேலே இருந்தால், நூற்றில் ஒரு பங்கு நேரம்தான் பொரிந்து விழும். இதை எஃப்எம் பழைய சரக்கு என்று ஒதுக்குபவர்களுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

பவர் ஆம்ப்ளிஃபயருக்கும் இதில் நன்மை இருக்கிறது. எஃப்எம்முக்கு நேர்கோட்டு ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை; 2 வாட் வைஃபை பூஸ்டரை முழுசாக ஓட்டலாம். அந்த பூஸ்டர்கள் உள்ளே வரும் சிக்னலை மோப்பம் பிடித்து டிரான்ஸ்மிட்டுக்கு மாறும் ரகம். எஸ்எஸ்பியில் சொல்லுக்குச் சொல் விட்டுவிட்டு மாறி உயிரை வாங்கும், எஃப்எம்மில் கேரியர் நிற்பதால் அமைதியாக இருக்கும். புளூட்டோ இந்தப் பட்டையில் தருவது ஒரு மில்லிவாட் அளவுதான். நடுவில் ஒரு சிறு டிரைவரும், டிரைவருக்கு முன் ஒரு ஃபில்டரும் வேண்டும். வைஃபைக்கு விட்டுவிட்டு ஓடும் பூஸ்டரை ஒரு நிமிடம் தொடர்ந்து ஓட்டினால் கொதிக்கும். பெரிய ஹீட்சிங்க், மேலே ஃபேன். பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்து, ஃபியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்த பிறகே ரிக்கை ஆன் செய்ய வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் சரிந்து புளூட்டோ மறுபடி முதலிலிருந்து எழும்.

அலைவரிசையைத் தேர்வதில் ஒரு சூட்சுமம். 2018 முதல் 5725–5875 உரிமம் இல்லாமலே பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. வைஃபை அங்கே நெருக்கியடிக்கிறது. 5760 சரியாக 153-ஆம் சேனலுக்குள் விழுகிறது. நொடிக்குப் பத்து டிக்-டிக் கேட்டால் அது யார் வீட்டு ரூட்டரோ அனுப்பும் பீக்கன். 144-ஆம் சேனல் 5730-இல் முடிகிறது, 149-ஆம் சேனல் 5735-இல் தொடங்குகிறது; நடுவில் 5 மெகாஹெர்ட்ஸ் சந்து. எஃப்எம்முக்கு 5732 பக்கம் போய்ப் பாருங்கள், தண்டையார்பேட்டை போன்ற நெரிசலிலும் மூச்சுவிட இடம் கிடைக்கும். மாடியிலிருந்து மாடிக்கு இணையம் கடத்தும் டிஷ்கள் இந்தச் சந்தையும் விட்டுவைக்காத இடங்கள் உண்டு, அங்கே ஒன்றிரண்டு மெகாஹெர்ட்ஸ் நகர வேண்டும். 144 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவை இந்தப் பட்டைக்கு மாற்றித் தரும் டிரான்ஸ்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை, 5760 முதல் 5762 வரைதான்.

ஓட்டுபவர் ஓட்ட மட்டும் செய்யட்டும். மைக்கும் லாகும் பக்கத்தில் இருப்பவர் கையில். உரிமத்தில் ஊர்தியில் இயக்குவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முன்பே படித்துக்கொள்ளுங்கள், அசலைக் கூடவே வைத்திருங்கள். துறைமுக வாயில், சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம் என்று வழிநெடுகக் காவல் உள்ள பகுதி இது. கூரைமேல் துளையிட்ட குழாயோடு வாயிலருகே வண்டியை நிறுத்தினால் கேள்வி வரும், வரத்தான் வேண்டும். எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டி வல்லூர், மீஞ்சூர் பக்கம் போனால் ஆலைகளும் மரங்களும் குறுக்கே வந்து எஃப்எம் இரைச்சலில் அமிழத் தொடங்கும். அப்போது ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, 5760.1-இல் எஸ்எஸ்பிக்கு மாறிக் கூப்பிடுங்கள். வண்டியில் ஆட்டமும் இல்லை ஓட்டமும் இல்லை, அந்த 12 டெசிபலைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.